மைனஸ் இருபத்துநான்கு

ஃப்ரேஸர்பரோ மீன்கிடங்கில்
குளிரறைக்குள் போகச் சொன்னால்
எல்லோருக்கும் திடீரென்று
பல்வலி, சளி, முதுகுப்பிடிப்பு.
நான் மட்டும் கை தூக்குகிறேன்.
"மோர்வென்னுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது"
என்கிறான் சூப்பர்வைசர்.
தாடி இன்னும் தீவு தீவாய் முளைக்கிற பையன்.

முதலில் நெஞ்செலும்புக்குப் பின்னால்
யாரோ அடுப்பு பற்றவைப்பார்கள்.
அப்புறம் கழுத்து, காதுமடல், தலைத்தோல்.
மூன்று நிமிஷம். சில நாள் ஐந்து.
ஹாடக் பெட்டிகளுக்கு நடுவே
கோட்டு ஜிப்பை இறக்கிவிட்டு நிற்பேன்.
என்மேல் ஆவி எழும்.
செத்த மீன்கள் எல்லாம்
கண் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்.

மருந்துக்கடையில் மூன்றாவது வாரமாக
"ஸ்டாக் இல்லை, எல்கினில் கேளுங்கள்."
எல்கினில் "இன்வர்னெஸ்ஸில் கேளுங்கள்."
இன்வர்னெஸ்ஸில் போனே எடுக்கவில்லை.
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்திரி,
மீன்செதில் போல ஒளி ஊடுருவும்,
அதற்குள் என் ஈஸ்ட்ரோஜன்.
கடைசியாக ஒட்டியதை உரித்த இடத்தில்
பசை கறுத்து ஒரு சதுரம்.
நான்கு நாள் அதைத் தேய்க்காமல் குளித்தேன்.

இதற்கிடையில்
வங்கிக்காரி கேட்டபோது
என் தெருவின் பெயர் எனக்கு வரவில்லை.
ஃபோர்க்லிஃப்ட் சாவி தொலைந்ததற்கு அழுதேன்.
அது என் சாவிகூட இல்லை.
ஸ்ட்ரூவன் கடலிலிருந்து வந்த இரவு
போர்வையை நான் உதைத்துத் தள்ள
அவன் இழுத்துப் போர்த்த
விடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல்
கயிறிழுக்கும் போட்டி.

டைவா, கிளைப்பேடாக்காரி,
தோலுரிக்கும் மேசையில் என் எதிர்ப்பக்கம்.
இரண்டு வருஷத்தில்
"கத்தி", "ஐஸ்", "போகலாம்" தவிர
என்னிடம் அதிகம் பேசியதில்லை.
அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளினாள்.
கறுப்பு ரொட்டிக்கு அடியில், எண்ணெய்த்தாளுக்குள்,
கத்தரித்த பாதி பிளாஸ்திரி.
"எனக்குக் கர்ப்பப்பை இல்லை. முப்பத்தொன்பதில் எடுத்தாச்சு.
இது ஒன்றே போதும். உனக்கு?"
"எனக்கு இருக்கு."
"அப்ப இன்னொரு மருந்தும் வேணும்.
நர்ஸைக் கேள். கேட்காமல் ஒட்டாதே."
சொல்லும்போது கத்தி அவள் கையிலேயே இருந்தது.
கேட்டேன்.

போனில் நர்ஸ்:
"அடுத்தவர் மருந்தை ஒட்டச் சொல்ல என்னால் முடியாது.
பாதி என்று நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை.
ஆனால் பொதுவாகச் சொல்கிறேன்,
உங்களுக்குத்தான் சுருள் வைத்திருக்கிறதே,
மூன்று வருஷம் முன்பு? அதுவே அந்த இன்னொன்று."

மறந்தே போயிருந்தேன்.
நாற்பத்தெட்டில் இன்னொரு தொட்டிலா என்று பயந்து
ஒரு செவ்வாய்க்கிழமை
கூரையின் ஈரக்கறையை எண்ணிக்கொண்டு
பல்லைக் கடித்து வைத்துக்கொண்டது.
விருந்தாளியை வாசலிலேயே
திருப்பியனுப்ப நின்ற காவல்காரன்
இப்போது யாரும் வராத வீட்டில்
உட்சுவர் தடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறான்.
வேலை மாறியதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.
சம்பளமும் ஏற்றவில்லை.

மகளுக்கு மேல்கையில் தீக்குச்சி நீளத்தில் ஒன்று.
அபெர்டீனிலிருந்து வந்தால்
"தொட்டுப் பாரேன்" என்று சட்டையை ஏற்றுவாள்.
என் அம்மா இதையெல்லாம்
எந்த வார்த்தையால் சொல்லியிருப்பாள்?
"அந்தக் காலம்" என்றாள். ஒரே ஒரு தடவை.
ஜன்னலைத் திறந்து வைத்தாள், ஜனவரியில்.

பாதியை ஒட்டினேன்.
இரண்டாம் நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாளும் இல்லை.
ஒன்பதாம் நாள்
வேறு ஒட்டு, அதுவும் டைவாவின் பாதி,
குளிரறையில் இருபது பெட்டி அடுக்கியபின்
விரல்நுனி மரத்தது.
மூக்குக்குள் முடி விறைத்தது.
என் பல் தந்தியடிக்கும் சத்தம்
எனக்கே கேட்டது.
"குளிருது" என்றேன்,
ஹாடக்குகளிடம், சத்தமாக.
ஜிப்பைத் தாடைவரை இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டாக் வந்தது,
ஆளுக்கு ஒரே பெட்டி.
டைவாவுக்கு நான் எத்தனை பாதி பாக்கி என்று
பஸ்ஸில் விரல்விட்டு எண்ணுகிறேன்.
கத்தரிக்கோல் வாங்க வேண்டும்.
வீட்டில் இருப்பதில் மீன் வாடை.